மஞ்சளா, பச்சையா? உங்கள் நிலத்தின் நிறத்தை மாற்றச் சொல்லிக் கேட்க இரண்டே மாதம்தான்!

"பூமி என்னுது. பத்திரம் என் பேர்ல இருக்குது. இது வீட்டு மனை இல்லைன்னு சொல்றதுக்கு அவிய யாரு கண்ணு?"

2016 ஐப்பசியில், ராசிபுரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. லாரி ஓட்டிச் சேர்த்த காசில் 2009-ல் அவர் வாங்கிப்போட்டது ஐந்தரை சென்ட். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப்போய், கலர் கொடி கட்டி, மத்தியானம் பிரியாணி போட்டு, குலுக்கலில் யாருக்கோ ஒரு தங்கக் காசும் கொடுத்து விற்ற மனைகளில் ஒன்று. வரைபடத்தின் மூலையில் பஞ்சாயத்து முத்திரை பளபளவென்று இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர் நினைத்தார். நாங்களும்தான் நினைத்தோம்.

மகள் கல்யாணத்துக்காக அதை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பத்திரம் எழுதப் போனபோது பதிவு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஐப்பசியில் 500, 1000 ரூபாய் நோட்டுகளும் செல்லாமல் போயின. தையில் நடக்க வேண்டிய கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது.

பெரியப்பாவின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் கேள்வி கேட்ட இடமும் தப்பு, கேட்ட நேரமும் தப்பு. அவர் மட்டுமல்ல, சேலம், நாமக்கல் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நிலத்தில் ரோடு போகப்போகிறது என்று கல் நட்டால் ஊரே திரண்டு வருவோம். அதே நிலத்துக்கு ஓர் அலுவலகத்து வரைபடத்தில் நிறம் மாறும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முதலில், அந்த 2016 கதை

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ல் உத்தரவிட்டது. விளைநிலங்கள் கேள்வி முறையில்லாமல் மனைகளாக மாறுவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கு அது. ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்த மனைப்பிரிவு சட்டப்படி அங்கீகாரம் பெற்றது ஆகாது, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. 'டிடிசிபி அப்ரூவ்டு' என்று விளம்பரப் பலகைகளில் பெரிதாகப் போடுகிறார்களே, அந்த ஒப்புதல்.

அடுத்த ஆண்டு அரசு ஒரு வழி திறந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று 2017 மே மாதம் விதிகள் வந்தன. ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கில் இருக்கிற மனைகளுக்குக் கிடையாது. பெரியப்பா பணம் கட்டி வாங்கிவிட்டார். ஆனால் அந்த வேலைக்காக அலைந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. விற்கும்போது காட்டிய வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சையாக இருந்த இடத்தில் இப்போது நான்கு வீடுகள் நிற்கின்றன. அந்த வீட்டுக்காரர்களும் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். யாரைப் போய்த் திட்டுவது?

ஊருக்கு ஒரு வரைபடம்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. ஒரு நகரமும் அதைச் சுற்றிய கிராமங்களும் வருங்காலத்தில் எப்படி வளர வேண்டும் என்று 'முழுமைத் திட்டம்' போடச் சொல்கிறது அது. மாஸ்டர் பிளான் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் பொறுப்பு திட்டக் குழுமத்துக்கு. திட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு நிறம் இருக்கும். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை என்பது பொதுவான வழக்கம். உங்கள் நிலம் பச்சையில் விழுந்தால் அங்கே மனைப்பிரிவு போட முடியாது. போட வேண்டுமென்றால் நில உபயோக மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பித்து அலைய வேண்டும். புதிதாக ஒரு ரோடு வரும் என்று உங்கள் மனை வழியாகக் கோடு இழுத்திருந்தால் வீடு கட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம்.

நம் பக்கத்தில் இந்த நிறங்கள் வெறும் நிறங்கள் அல்ல. சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். நாலு பக்கமும் பெய்கிற தண்ணீர் ஓடைகளில் இறங்கி ஏரிகளை நிரப்பி, திருமணிமுத்தாற்றில் சேர்ந்து, நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க் காவிரியில் கலக்கும். அந்த ஓடை வரைபடத்தில் ஓடையாகவே இருக்கிறதா, மஞ்சளுக்குள் கரைந்துவிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் மழைக்காலத்தில் யார் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும் என்பது முடிவாகிறது. கிச்சிப்பாளையம் நாராயண நகர், பச்சப்பட்டிக்காரர்களிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நாமக்கல் பக்கம் வேறு மாதிரிச் சிக்கல். கோழிப் பண்ணை, ஜவ்வரிசி ஆலை, லாரி பாடி கட்டும் பட்டறை எல்லாம் ஊருக்கு வெளியே இருந்தவை. மனை விலை குறைவு என்று வீடுகள் அவற்றைத் தேடிப் போயின. குடிவந்த பிறகு ஈ மொய்க்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று மனு. பண்ணைக்காரரோ, "முப்பது வருசமா நான் இங்கதானுங்க இருக்கேன், நீங்கதான் பக்கத்துல வந்தீங்க" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்தச் சண்டை வராமல் இருக்கத்தான் நிறம் பிரிப்பதே.

பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் விசைத்தறியும் வீடும் ஒரே சுவருக்குள். சேலம் அம்மாப்பேட்டை, குகைப் பக்கத்துப் பழைய நெசவாளர் வீடுகளில் கூடத்தில் தறிக்குழி. பாவு நீட்டுவதற்கு நேரான, நீளமான தெரு வேண்டும். விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தெருவும் தொழிற்கூடத்தின் ஒரு பாகம் என்று. 'இது குடியிருப்பு, இது தொழில்' என்று சென்னையில் உட்கார்ந்து கோடு போடுகிறவருக்கு அது தெரிய நியாயமில்லை. நாம் சொன்னால்தான் தெரியும்.

சொல்வதற்கு ஒரு கதவு உண்டு

அதைச் சொல்வதற்குத்தான் அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் முக்கிய நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபனையோ யோசனையோ தரலாம். அதற்கான அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. நிலம் வைத்திருப்பவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. வாடகைக்குக் குடியிருப்பவரும் எழுதலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும் என்று கேட்டவர்களை அழைத்துக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். 'கேட்டவர்களை' என்பதுதான் முக்கியம். மனுவின் கடைசியில் 'நேரில் ஆஜராகி விளக்க வாய்ப்பளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

சரி, அந்த அறிவிப்பை யார் பார்க்கிறார்கள்? டெண்டர் விளம்பரத்துக்கும் பாங்க் ஏல விளம்பரத்துக்கும் நடுவில், எறும்பு எழுத்தில் வரும். 'வரைவு முழுமைத் திட்டம்', 'நில உபயோக மாற்றம்', 'நில வகைப்பாடு' என்றெல்லாம் இருக்கும். படித்தாலும் புரியாத தமிழ் என்பது என் சொந்தக் குறை. இதில் நாம் மட்டும் தனி இல்லை. 2020-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தபோது, அது மக்களின் மொழிகளில் இல்லை என்று வழக்கே போனது. எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். கருத்துக் கேட்கிறவர் கேட்பது புரிய வேண்டாமா?

கோவையில் 30 வருடக் கோடு

இந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் கோவையைப் பாருங்கள். அங்கே 1994-ல் ஒப்புதலான முழுமைத் திட்டம்தான் ரொம்ப காலம் நடைமுறையில் இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் புதிய வரைவு மக்கள் முன் வந்தது 2024 பிப்ரவரியில். இறுதித் திட்டம் வந்தது 2025-ல். அதாவது 1994-ல் தொட்டிலில் கிடந்த குழந்தை, தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வரை அதே வரைபடம்.

அந்தப் பழைய வரைபடத்தில் 'திட்டச் சாலை' என்று போட்ட கோடுகளில் பல, தரையில் ரோடாக மாறவே இல்லை. கோடு விழுந்த நிலத்துக்காரர்கள் மட்டும் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் கிடந்தார்கள். அதனால்தான் 2024-ல் கோவை மக்கள் சுதாரித்துக்கொண்டு மனுக்களோடு போனார்கள்.

இதில் மாட்டியவர்களுக்கு ஒரு தகவல். பொதுப் பயன்பாட்டுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிய தனியார் நிலத்தை, அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும் என்கிறது 38-ஆம் பிரிவு. இதைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போய் நிலத்தை மீட்டவர்கள் உண்டு. தானாக யாரும் கூப்பிட்டு 'உங்க நிலம் ஃப்ரீ ஆயிடுச்சு' என்று சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

மனு எப்படி இருக்க வேண்டும்?

'எங்கள் பகுதியை அழிக்காதீர்கள்' என்று ஐநூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைவிட, புல எண் போட்டு ஒருவர் எழுதும் அரைப் பக்கம் அதிக வேலை செய்யும். திட்டக்காரர் கையில் இருப்பது வரைபடம். அவருக்கு உங்கள் கோபத்தை எந்த இடத்தில் ஒட்டுவது என்று தெரிய வேண்டும்.

கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண். வரைவில் அது என்ன நிறம் அல்லது என்ன கோடு. தரையில் உண்மையில் என்ன இருக்கிறது. உங்களுக்கு என்ன மாற்றம் வேண்டும். இவ்வளவுதான். உதாரணமாக, 'இந்தப் புல எண்ணில் ஓடை இருப்பது கிராம வரைபடத்தில் உள்ளது, வரைவில் குடியிருப்பு என்று காட்டியிருக்கிறார்கள், அதை நீர்வழியாகத் திருத்த வேண்டும்' என்று எழுதலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் தமிழக அரசின் இணைய சேவைத் தளத்தில் போனிலேயே பார்க்கலாம். மழை நாளில் தண்ணீர் நிற்கும் போட்டோ இருந்தால் தேதியோடு சேர்த்து வையுங்கள். வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் அரை மணி நேர வேலை.

நேரில் கொடுத்தால் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். தபாலில் என்றால் ஒப்புகையோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், என் மனு மீது என்ன முடிவு எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு நல்லதுதான், ஆனால் அது 26-ஆம் பிரிவின்படி கொடுத்த ஆட்சேபனைக்கு ஈடாகாது. அறிவிப்பில் சொல்லியிருக்கும் முகவரிக்கு, சொல்லியிருக்கும் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பூங்கா யாருடையது?

பெரியப்பா மனைப்பிரிவின் பூங்காவுக்கு வருவோம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் மனைப்பிரிவு போட்டால், ரோடு போக மிச்சமுள்ள பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். நம் கணக்கில் சுமார் 74 சென்ட்டுக்கு மேல். இடம் விட முடியாத சிறிய மனைப்பிரிவுகள் அதற்கான பணம் கட்டிவிட்டுப் போகலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், இடமாகத்தான் விட வேண்டும். அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அளவு தாண்டாமல் இருக்க நிலத்தைத் துண்டு போட்டுக் காட்டும் கைவேலையும் நடக்கிறது என்பதால், மனை வாங்கும்போதே பக்கத்து மனைப்பிரிவும் இதே ஆளுடையதா என்று விசாரியுங்கள். தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். 2017-க்குப் பிறகு வந்த, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் குடியிருப்போருக்குத் தெம்பு தந்த தீர்ப்பு பெங்களூரிலிருந்து வந்தது. அங்கே ராஜமஹால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1991-ல் பூங்கா பூங்காவாகத்தான் இருக்க வேண்டும் என்றது. அதைவிட முக்கியம், அதைக் கேட்க அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. 'உனக்கென்ன நஷ்டம், நீ யார் கேட்க?' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

பெரியப்பா மனைப்பிரிவில் தானப் பத்திரமே எழுதவில்லை. அந்த நான்கு வீடுகளும் அப்படியேதான் இருக்கின்றன.

சுலபமானது நல்லதா?

2024 ஜூலை 22-ல் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடியாக, 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அப்போதே அனுமதி வாங்கலாம். விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நாமே சான்று சொல்கிறோம். மேசை மேசையாகப் போய் 'கவனித்து' வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. பெரியப்பாவின் ஐந்தரை சென்ட்டும் இந்த அளவுக்குள்தான் வருகிறது.

எனக்கு ஒரே ஒரு தயக்கம். முன்பு யாராவது ஒருவர் வந்து இடத்தைப் பார்ப்பார் என்ற பயமாவது இருந்தது. இப்போது பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டை ஒட்டிச் சுவர் எழுப்பிய பிறகுதான் நமக்கே தெரிகிறது. வீடு வீடாகப் பார்ப்பது குறையக் குறைய, ஊர் மொத்தத்துக்கும் போடும் வரைபடத்தில் நம் பங்கு கூட வேண்டும். அங்கேதான் நாம் தூங்குகிறோம்.

மேடை மாறுகிறது

நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்க்கும் பேச்சு வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான், நகரத்தில் சேர்ந்தால் போய்விடும். வரியும் ஏறும். அந்தக் கவலை நியாயமானது. இதோடு இன்னொன்றும் கை நழுவுகிறது, அது கிராம சபை. ஊரே கூடி உட்கார்ந்து தீர்மானம் போடும் இடம் இல்லாமல் போகும். நகரங்களில் அதற்குப் பதிலாக ஏரியா சபை என்று 2022 நவம்பர் 1-ல் தொடங்கினார்கள். உங்கள் வார்டில் அது எப்போது கூடியது என்று தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கேட்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2018-ல் எட்டு வழிச் சாலைக்குக் கல் நட்டபோது சேலத்துக் கிராமங்கள் எழுந்த வேகத்தை நாடே பார்த்தது. பாட்டிகள் கூட தங்கள் புல எண்ணை மனப்பாடமாகச் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் அந்தப் புல எண் இன்னும் அவர்களுக்கு மறக்கவில்லை.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. கல்யாணம் நல்லபடி முடிந்து, பேரனும் பள்ளிக்குப் போகிறான். மனையை விற்கவில்லை, அதில் ஒரு வீடு கட்டப்போகிறாராம். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அரசியல் பக்கம் பார்ப்பவர், இப்போது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு டெண்டர் பக்கத்தைப் பார்க்கிறார். போன வாரம் ஒரு அறிவிப்பைக் கத்தரித்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நில உபயோக மாற்றம், ராசிபுரம் பக்கம் ஒரு காடு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்:

"கண்ணு, இது நம்மூரு ஏரிக்கு மேலாண்ட இருக்கிற பூமி. தண்ணி வர்ற வழி. கடைசித் தேதி கீழ போட்டிருக்குது பாரு, எனக்குக் கண்ணு தெரியல. எத்தனாந் தேதின்னு சொல்லு."